முடி வளர்ந்தால் சரியாகிவிடும்

ஆறு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்து நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. உங்கள் பத்திரிகையின் இந்த ஞாயிறு பக்கத்தில் எழுதுகிற பலரும் தங்களுக்குக் கை கொடுத்த முகம் தெரியாத மனிதரைப் பற்றி எழுதுகிறார்கள், இல்லையென்றால் மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஆறு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத ஒரு சின்ன விஷயம்.

அப்போது நான் பண்டமாரான் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தேன். துறைமுகத்திலிருந்து லோரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குகிற இடம். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவருடைய தலையையும் பார்த்து உள்ளே விடுவது என் பொறுப்பு. அங்கே எனக்குத் ‘தொப்பி அண்ணே’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள், அவற்றை அச்சில் போடமாட்டார்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வியர்வைக்காகத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்து, அதன் மேல் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன். கையை விட்டுத் துண்டை உருவி அவரவர் தோளில் போட்டுவிடுவேன். துண்டின் மேல் உட்கார்ந்த ஹெல்மெட் துண்டோடு சேர்ந்து வழுக்கும், அடி விழுகிற நேரத்தில் அது தலையில் இருக்காது என்று வாய் கிழியப் பேசுவேன். வாரத்துக்கு மூன்று முறையாவது அந்தப் பேச்சைப் பேசியிருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. சீப்பை உடைக்கிற சுருட்டை முடி அவளுக்கு, அள்ளிப் பிடித்தால் என் கை கொள்ளாது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். என் மனைவி அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டே பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் வருகிற தைப்பூசத்துக்கு அவள் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பதாக. நானும் ஒன்று வேண்டிக்கொண்டேன், அது சாமியிடம் அல்ல, மகளிடம். நீ எழுந்து வா, சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அவள் காதில் சொன்னேன். அவள் எழுந்து வந்தாள்.

சைக்கிள் வந்துவிட்டது. தலைக்கும் ஒன்று வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வருடங்களில் எங்கள் தாமான் குடியிருப்பில் சைக்கிள் விடுகிற ஒரு பிள்ளையும் ஹெல்மெட் போட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது, ஒரு சைக்கிள் கடையில் பிள்ளைகளுக்கான ஹெல்மெட் தொங்குவதைப் பார்த்து மூவரும் உள்ளே போனோம்.

கடைக்காரர் வயதான சீனர். நம் ஆட்களோடு வருடக்கணக்காகப் பழகியவர், மலாயில் பேசிக்கொண்டே நடுவில் தமிழையும் போட்டுக் கலக்குவார். மகளை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, ஹெல்மெட்டை நேராக வைத்து, புருவத்துக்கு மேல் தன் இரண்டு விரலைப் படுக்க வைத்து அளந்தார். அதற்கு மேல் நெற்றி தெரியக்கூடாது என்றார். காதுக்குக் கீழே வார் இரண்டும் ஒன்றுசேர வேண்டும், தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழைந்தால் போதும். பிறகு அவளைத் தலையை ஆட்டச் சொன்னார். அவள் பலமாக இல்லை, இல்லை என்று ஆட்டினாள். ஹெல்மெட் அசையவில்லை.

இதுதான் சைஸ் என்றார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளில் பள்ளிச் சீருடையிலிருந்து காலில் போடுகிற சப்பாத்து வரை எதை வாங்கினாலும் ஒரு சைஸ் கூட்டித்தானே வாங்குவோம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடம் பத்தாமல் போய்விட்டால் என்ன செய்வது? அடுத்த சைஸை எடுக்கச் சொன்னேன். அது அந்தச் சுருட்டை முடியின் மேல் கச்சிதமாகவே உட்கார்ந்தது. பார்த்தீர்களா என்பதுபோல் அவரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார். அது முடிக்குள் ஒரு விரற்கடை இறங்கியது.

“பாஸ், ரம்புட் லெம்புட் லா. உகூர் கெப்பாலா.” முடி மெத்தென்று அமுங்கும், அளக்க வேண்டியது தலையை என்பதுதான் அவர் சொன்னது.

எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் நான். தினமும் நாற்பது தலையைப் பார்க்கிறவனுக்கே பாடமா என்று மூக்கின் மேல் கோபம் வந்தது. பெரியதையே கொடுங்கள் என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கறுப்பு நிறத்தில் தடித்த பஞ்சுத் திண்டுகள் ஆறு. ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒட்டவும் பிய்த்து எடுக்கவும் முடிகிற மாதிரி இருந்தன. இப்போது உள்ளே இருப்பது மெல்லியது, முடி வெட்டினால் அதைப் பிய்த்துவிட்டு இதை ஒட்டுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை அலமாரியின் உச்சியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் போட்டேன்.

மகளுக்கு அந்தத் தலை ஆட்டல் மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தடவை சைக்கிளில் ஏறுவதற்கு முன்பும் என் முன்னால் வந்து நின்று, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக் காட்டுவாள். நான் பார்த்து, போகலாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினால்தான் கிளம்புவாள். எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு அது உத்தரவு.

தைப்பூசத்தன்று பத்துமலையில் முடி இறக்கினோம். தரையில் விழுந்த முடியைப் பார்த்து அவள் அழவில்லை, சந்தனம் பூசியபோது குளிர்ச்சியாக இருக்கிறது என்று சிரித்தாள். அழுதது தைப்பூச விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றுதான். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனால் சும்மா விடுவார்களா? மலாயில் ‘போத்தாக், போத்தாக்’, மொட்டை மொட்டை என்று பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்வாள். கடைக்குப் போனாலும் அதோடுதான் போவாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையிலும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மனைவி கழற்றச் சொல்லிக் கெஞ்சினாள். பாவம், அவளும் தினமும் முடி சீக்கிரம் வளரட்டும் என்று அந்த மொட்டையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னறையில் நாற்காலியைப் போட்டு, காப்பியும் பத்திரிகையுமாக உட்கார்ந்திருந்தேன். மனைவி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். வழக்கம்போல் தலையை ஆட்டினாள். ஹெல்மெட் ஒரு பக்கம் போய்க் காதில் இடித்தது.

“ப்பா, ஆடுதுப்பா.”

எனக்குப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நன்றாகவே ஞாபகம் வந்தது. நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஏற வேண்டும், பெட்டிகளை நகர்த்த வேண்டும், பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. காப்பி ஆறிவிடும் என்று நினைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

நாற்காலி முதுகில் என் துண்டு கிடந்தது. அதை எடுத்து நாலாக மடித்து அவள் தலையில் வைத்து, மேலே ஹெல்மெட்டைக் கவிழ்த்து, வாரை இழுத்து மாட்டினேன். கிடங்கில் எதைப் பார்த்தால் கத்துவேனோ அதையே என் கையால் செய்தேன்.

“இப்ப சரியாப் போச்சு. முடி வளர்ந்துட்டா தானா ஃபிட் ஆயிடும் லா. போ.”

அவள் இன்னொரு தடவை தலையை ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்தது. என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

எங்கள் வீதிக் கோடியில் சிறிய இறக்கம் ஒன்று உண்டு. இறங்குகிற இடத்தில் கால்வாய்க்கு மூடி இல்லை. முன்சக்கரம் அதன் விளிம்பில் இறங்கி, அவள் தலைகுப்புறப் போயிருக்கிறாள். எதிர்வீட்டு மலாய் அம்மா ஓடிவந்து கத்தித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போனபோது மகள் கால்வாய் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஹெல்மெட் கழன்று விழவில்லை. வார் மாட்டியபடியே பிடரிக்குப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியும் இடது பொட்டும் சிமெண்டு விளிம்பில் நேராக மோதியிருந்தன. முன்பக்கத்து மொட்டைத் தலை வெயிலில் எண்ணெயோடு மின்னியது. வாரை அவிழ்த்து அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் காரில் ஏறினேன், ஹெல்மெட்டும் துண்டும் அங்கேயே கிடந்தன.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறக்க வேண்டும் என்றார்கள். ஒரு தாதி இன்னொரு தாதியிடம், தலையை மழிக்கிற வேலை இல்லை, ஏற்கெனவே மொட்டை என்று மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேலையைச் சொன்னார். மனைவி அதைக் கேட்டு அங்கேயே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

இளம் டாக்டர் ஒருவர், நம் பையன், தாளில் எழுதிக்கொண்டே என்னிடம் விசாரித்தார். ஹெல்மெட் போட்டிருந்தாளா என்று கேட்டார். போட்டிருந்தாள் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன நிமிர்வு வந்ததை நினைத்தால் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

“சரியா ஃபிட்டா இருந்துச்சா அங்கிள்?”

இருந்தது என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா வந்தார். ஹெல்மெட்டைக் கொண்டுவந்திருந்தார், கூடவே என் துண்டை ரத்தம் போகத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்தது என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் பயந்த கணக்கு அதுவல்ல.

“மொட்டைய மறைக்கத்தாங்க புள்ள துண்ட வச்சிருக்கா. நான் முடி எடுக்கலன்னா இது நடந்திருக்குமா?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தை போதும். வாயைத் திறந்தேன், ‘அழாதே’ என்றுதான் வந்தது. மகள் கண் விழிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். அவள் கண் விழித்தாள், நடக்கட்டும் என்று வைத்தேன். இப்படியே ஒவ்வொரு சாக்காக ஆறு வருடம் போய்விட்டது.

மகள் பிழைத்துவிட்டாள். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். வலது கை தூக்க வராது. காலை இழுத்து நடப்பாள். பேச ஆரம்பித்தால் முதல் சொல் வரும், இரண்டாவது சொல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். சில மாதங்களுக்கு ஒருமுறை வலிப்பு வரும். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அவளோடு படித்த பிள்ளைகள் இப்போது பெரிய பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அவள் இன்னும் தன் பெயரை இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இது எனக்கு ஒருநாள் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். யாரும் வாங்காதபோதே ஹெல்மெட் வாங்கிப் போட்ட அப்பன், இல்லாவிட்டால் பிள்ளை அங்கேயே போயிருக்கும் என்று என் தோளைத் தட்டினார்கள். காஜாங்கிலிருந்து வந்த என் மச்சான், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கப் போவதாகச் சொல்லி எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டார். புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடைக்குக் கீழ் ஒரு விரல், தலையை ஆட்டினால் அசையக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். சரியாகத்தான் சொன்னேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கிடங்கில் ஒரு காலை, ஒருவர் ஹெல்மெட்டுக்குக் கீழே துண்டு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன், அதற்கு மேல் போகவில்லை. அந்த மனிதரே கூச்சப்பட்டு உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே மேலாளரைப் பார்த்து, கவுண்டரில் தாள் பார்க்கிற வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அலமாரி உச்சியிலிருந்த பொட்டலத்தையும் மனைவி இல்லாத நேரத்தில் எடுத்துக்கொண்டு போய், கிடங்கில் என் லாக்கரில் பூட்டி வைத்தேன். தூக்கிப் போடவும் துணிச்சல் வரவில்லை.

அந்தத் தைப்பூசத்துக்குப் பிறகு மனைவி கோவில் படியே ஏறவில்லை. சாமி மேல் கோபம் இல்லை அவளுக்கு. பிள்ளை தலையில் கை வைத்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். தைப்பூசத்தன்று வீட்டு வாசலில் ஆட்கள் பஸ் ஏறப் போகிற சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகளின் முடியில் ஆறு வருடமாகக் கத்தரிக்கோல் பட விட்டதில்லை. இடுப்புக்குக் கீழே வளர்ந்துவிட்டது. நான் சொன்னதுபோலவே முடி வளர்ந்துவிட்டது, வேறு எதுவும் சரியாகவில்லை.

இரண்டு வருடமாக மனைவிக்குச் சர்க்கரை நோயில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இப்போது நிழல்தான் தெரிகிறது. ஆனாலும் தினமும் காலையில் மகளை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்துச் சடை பின்னுகிறாள். கையால் தடவியே பின்னுகிறாள். இடது பொட்டுக்கு மேலே எலும்பு உள்வாங்கிய ஒரு பள்ளம் இருக்கிறது. விரல் அங்கே வரும்போது ஒரு நொடி நிற்கும், பிறகு நகரும். தினமும் ஒரு தடவை அந்தப் பள்ளத்தைத் தொட்டு, அதைத் தானே செய்ததாக நினைத்துக்கொள்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறேன்.

தப்பு செய்தது ஒரு காலை, பத்து நிமிடம். அதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை மறைக்க ஆறு வருடம் மனைவி தலையில் பழியை ஏற்றிவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றேனே, அதற்கு உண்டென்று நான் நம்பவில்லை. இதைச் சொல்லி மகளின் கை எழுந்துவிடாது. மனைவியின் ஆறு வருடமும் திரும்பி வராது. இத்தனை நாள் கழித்துச் சொல்வதால் அவளுக்கு ஆறுதல் கிடைக்குமா, இல்லை கடைசியாகப் பற்றிக்கொண்டிருந்த ஆளும் போனானே என்று இன்னும் இருட்டிப் போவாளா, அதுவும் தெரியாது.

நேற்று லாக்கரைத் திறந்து பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு திண்டும் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. மனைவியால் பார்க்க முடியாது, தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பெயர் போடாமல் இதை எழுதுவது ஊருக்குப் பயந்து அல்ல. என் வாயால் நேரில் சொல்ல ஆறு வருடம் முயன்று தோற்றுவிட்டேன், அதனால்தான் இந்த வழி. அவளுக்குக் கண் மங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறவன் நான்தான். ஆசிரியரே, நீங்கள் இதைப் போட்டால், அந்தத் துண்டை மடித்தது யார் என்கிற இடம் வரைக்கும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், அன்று பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டிய நான், இந்தத் தடவையாவது தலையை நிமிர்த்தி என் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.